பிறருக்காக ஒரு சைக்கிள் பயணம்

ஐதராபாத் நகரில் உசேன் சாகர் என்ற பெரிய ஏரி இருக்கிறது. ஏரியின் நடுவே புத்தர் சிலை நிற்கிறது. ஏரிக்கரையை ஒட்டி ஒரு சாலை போகிறது. கழுத்து மாலையைப் போல வளைந்து போவதால் அதை நெக்லஸ் ரோடு என்கிறார்கள். 2021ஆம் ஆண்டு அந்தச் சாலைக்குப் பி.வி. நரசிம்மராவ் பெயரை வைத்தார்கள். ஆனாலும் ஆட்டோக்காரரிடம் நெக்லஸ் ரோடு என்று சொன்னால்தான் சட்டென்று புரியும்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில், பொழுது விடியும் நேரத்தில், அங்கே நூற்றுக்கணக்கான பேர் சைக்கிளோடு நிற்பார்கள். ஆண்கள் இருப்பார்கள். பெண்கள் இருப்பார்கள். தலை நரைத்தவர்களும் இருப்பார்கள். எல்லோரும் ஒரே மாதிரி பனியன் போட்டிருப்பார்கள். ஒருவர் கொடியை அசைப்பார். சைக்கிள்கள் வரிசையாகக் கிளம்பும்.

இது பந்தயமா? இல்லை. முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது. கட்சி ஊர்வலமா? அதுவும் இல்லை. இது நன்கொடைக்காகச் செய்யும் சைக்கிள் பயணம். நோயாளிகளுக்காக, படிக்க வசதி இல்லாத பிள்ளைகளுக்காக, கை கால் இழந்தவர்களுக்காகப் பணம் திரட்டும் பயணம்.

சைக்கிள் மிதித்தால் பணம் வருமா?

இந்தச் சந்தேகம் யாருக்கும் வரும். சைக்கிள் மிதித்தால் வியர்வை வரும். பணம் எப்படி வரும்?

பயணம் போகிறவர் தனக்குத் தெரிந்தவர்களிடம் போய்ப் பேச வேண்டும். அக்கம்பக்கத்தார், வேலை செய்யும் இடத்தில் உள்ளவர்கள், கடைக்காரர், உறவினர் என்று பலரிடம் கேட்க வேண்டும். செகந்திராபாத்தில் ஒரு தமிழ்க்காரர் கடையில் பேச்சு இப்படி நடக்கலாம்:

"அண்ணாச்சி, அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை இருபத்தஞ்சு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டப் போறேன்."

"நல்லா ஓட்டும்மா. அதுக்கு நான் எதுக்குக் காசு குடுக்கணும்?"

"கால் இல்லாதவங்களுக்குச் செயற்கைக் கால் வாங்கப் பணம் சேக்குறாங்க. என்னால மொத்தமாக் குடுக்க முடியாது. உடம்பால உழைக்கிறேன். நீங்க முடிஞ்சதைக் குடுங்க."

"நீ பாதியிலே நின்னுட்டா?"

"நின்னாலும் உங்க பணம் அவங்களுக்குத்தான் போகும், அண்ணாச்சி. ரசீது கொண்டு வந்து தர்றேன்."

இவ்வளவுதான் விஷயம். வெறுமனே கை நீட்டிக் கேட்டால் பலர் கொடுக்க மாட்டார்கள். இந்த அம்மா இதற்காக வெயிலில் 25 கிலோமீட்டர் மிதிக்கப் போகிறார் என்றால் யோசிப்பார்கள். ஆளுக்கு 50 ரூபாய் என்று 20 பேர் கொடுத்தால் 1,000 ரூபாய் சேரும். இப்படி 200 பேர் சேர்த்தால் 2,00,000 ரூபாய் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சில இடங்களில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நன்கொடை பேசுவார்கள். கிலோமீட்டருக்கு 4 ரூபாய் என்றால், 25 கிலோமீட்டருக்கு 100 ரூபாய். 18 கிலோமீட்டரில் நின்றுவிட்டால் 72 ரூபாய்தான். எனக்கு இந்த முறை பிடிக்கவில்லை. பணம் குறைந்துவிடுமே என்று, மூச்சு வாங்கினாலும் நெஞ்சு வலித்தாலும் சிலர் நிற்காமல் மிதிப்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் மொத்தமாக இவ்வளவு என்று பேசிக்கொள்வது நல்லது.

36 பேர் தொடங்கிய பயணம்

அமெரிக்காவில் பில்லி ஸ்டார் என்று ஒருவர். அவருடைய தாயார் புற்றுநோயால் இறந்தார். 1980ஆம் ஆண்டு அவர் 35 பேரைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். பாஸ்டன் நகரில் உள்ள ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு நிதி சேர்ப்பது நோக்கம். அந்த முதல் பயணத்தில் 10,200 டாலர் சேர்ந்தது. அதன் பிறகு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். இதுவரை திரட்டிய தொகை 100 கோடி டாலருக்கும் மேல்.

அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. பயணம் போகிறவர்கள் திரட்டும் பணம் முழுவதும் மருத்துவமனைக்குப் போகிறது. தண்ணீர், சாப்பாடு, பந்தல் போன்ற செலவுகளை நுழைவுக் கட்டணத்திலிருந்தும் நிறுவனங்கள் தரும் உதவியிலிருந்தும் பார்த்துக்கொள்கிறார்கள். இதை நினைவில் வையுங்கள். பின்னால் உதவும்.

ஒற்றைக் காலால் மிதித்தவர்கள்

நம் ஐதராபாத்துக்கு வருவோம். ஆதித்யா மேத்தா இந்த ஊர்க்காரர். சாலை விபத்தில் ஒரு காலை இழந்தார். பிறகு சைக்கிள் ஓட்டப் பழகினார். ஒரு காலால் மிதித்தார். 2013ஆம் ஆண்டு ஆசிய அளவில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த சைக்கிள் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார்.

தன்னைப் போன்றவர்களுக்கு உதவ அவர் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஆதித்யா மேத்தா அறக்கட்டளை என்பது அதன் பெயர். கை கால் இழந்தவர்களுக்கு அங்கே விளையாட்டுப் பயிற்சி தருகிறார்கள். எல்லையில் காவல் காக்கும்போது காயம்பட்ட வீரர்களும் அங்கே பயிற்சி பெற்றிருக்கிறார்கள். இதற்குப் பணம் வேண்டும் அல்லவா? நிதி திரட்டவும், மாற்றுத்திறனாளிகளைப் பற்றி மக்களிடம் எடுத்துச் சொல்லவும் அவர்கள் நீண்ட சைக்கிள் பயணங்கள் போகிறார்கள். 'இன்ஃபினிட்டி ரைடு' என்று அதற்குப் பெயர். முடிவில்லாத பயணம் என்று சொல்லலாம்.

2020ஆம் ஆண்டின் கடைசியில் அப்படி ஒரு பயணம் நடந்தது. எல்லைப் பாதுகாப்புப் படையும் உடன் சேர்ந்தது. காஷ்மீரில் கிளம்பிக் கன்னியாகுமரியில் முடித்தார்கள். 3,500 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். அதில் தான்யா டாகா என்ற இளம் பெண்ணும் இருந்தார். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். 2018ஆம் ஆண்டு நடந்த விபத்தில் ஒரு காலை இழந்தவர். பயணம் பாதியில் இருக்கும்போது அவருடைய தந்தை இறந்துவிட்டார். ஊருக்குப் போனார். காரியங்கள் முடிந்ததும் திரும்பி வந்து மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார். கன்னியாகுமரி வரை வந்தார்.

"எனக்கு இரண்டு காலும் இருக்கிறது, நான் ஏன் போகக் கூடாது?" என்று தோன்றுகிறதா? போகலாம். ஆனால் காஷ்மீரிலிருந்து அல்ல. நெக்லஸ் ரோட்டிலிருந்து தொடங்கலாம்.

பழைய சைக்கிள் போதுமா?

போதும். பயணத்துக்கு வருகிறவர்களில் சிலர் விலை உயர்ந்த சைக்கிள் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். பால் போடுகிறவரும் பேப்பர் போடுகிறவரும் ஓட்டும் சைக்கிளிலும் 25 கிலோமீட்டர் போகலாம். என்ன, அது கனமான வண்டி. மேட்டில் ஏற்றுவது கஷ்டம். மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

பெண்கள் ஆண்கள் சைக்கிளை ஓட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். 1991ஆம் ஆண்டு அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். எழுத்துப் படிப்போடு சைக்கிளும் கற்க ஏற்பாடு செய்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஆண்கள் சைக்கிளை எடுத்து ஓட்டினார்கள். முன்னால் உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே சிலர் விரும்பினார்கள்! 1992ஆம் ஆண்டு மார்ச் 8, பெண்கள் தினத்தன்று 1,500 பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். அது நன்கொடைப் பயணம் அல்ல. ஆனால் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டியது அவர்களில் பலருக்கு அதுதான் முதல் தடவை.

வண்டியைச் சைக்கிள் கடையில் ஒரு முறை காட்டிவிடுங்கள். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். செயினுக்கு எண்ணெய் போடச் சொல்லுங்கள். டயரில் காற்று குறைவாக இருந்தால் மிதிப்பது இரண்டு மடங்கு கஷ்டமாகத் தெரியும்.

சீட்டின் உயரம் முக்கியம். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று பலர் சீட்டைத் தாழ்த்தி வைக்கிறார்கள். கொஞ்ச தூரத்துக்குப் பரவாயில்லை. நெடுந்தூரம் போனால் முழங்கால் வலிக்கும். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடல் கீழே இருக்கட்டும். அதன் மேல் குதிகாலை வையுங்கள். அப்போது கால் நேராக நீண்டிருந்தால் உயரம் சரி.

பழக்கம் வேண்டும்

சாதாரண சைக்கிளில் புதியவர் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் போவார். அப்படியானால் 25 கிலோமீட்டர் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இவ்வளவு நேரம் சீட்டில் உட்கார உடம்பு பழக வேண்டும். ஐந்து வாரமாவது பழகுங்கள். முதல் வாரம் 5 கிலோமீட்டர் போதும். அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் 20 கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். பயணத்துக்கு முந்தைய நாள் ஓய்வு எடுங்கள்.

ஐதராபாத் பாறைகள் நிறைந்த ஊர். மேடும் பள்ளமும் அதிகம். பஞ்சாரா ஹில்ஸ், ஜூபிலி ஹில்ஸ் பக்கம் ஏற்றம் மூச்சை வாங்கும். தொடக்கத்தில் ஏரிக்கரை போன்ற சமமான சாலையில் பழகுவது நல்லது. சைக்கிளுக்கென்றே தனிப் பாதையும் இந்த நகரில் போட்டார்கள். வெளிவட்டச் சாலையை ஒட்டி நார்சிங்கி, நானக்ராம்குடா பக்கம் 23 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாதையைப் போட்டு, 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி திறந்தார்கள். மேலே கூரை. கூரையில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள். ஓட்டுகிறவருக்கு நிழல், ஊருக்கு மின்சாரம்!

சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே பழகத் தொடங்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

பயணத்தில் சேர ஒரு படிவம் தருவார்கள். ஐதராபாத்தில் அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தெலுங்கிலும் இருக்கலாம். புரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்து முழுவதும் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். "வழியில் எனக்கு என்ன ஆனாலும் நானே பொறுப்பு" என்று ஒரு வரி அதில் இருக்கக்கூடும். தெரிந்து கையெழுத்துப் போடுவது வேறு. தெரியாமல் போடுவது வேறு. உங்கள் இரத்த வகை, வீட்டில் ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றையும் கேட்பார்கள். இவற்றைத் தவறு இல்லாமல் எழுதுங்கள். ஆபத்து நேரத்தில் டாக்டர் பார்ப்பது அந்த வரியைத்தான்.

அதைவிட முக்கியம், நீங்கள் சில கேள்விகள் கேட்க வேண்டும். நுழைவுக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. கட்டணம் 500 ரூபாய் வாங்கினால், அது பனியனுக்கும் தண்ணீருக்கும் ஏற்பாட்டுக்கும் போகலாம். அதில் தவறு இல்லை. ஆனால் நீங்கள் ஊராரிடம் திரட்டித் தரும் பணத்தில் எவ்வளவு நோயாளிக்குப் போகும்? எவ்வளவு செலவுக்குப் போகும்? கேளுங்கள். பணம் எந்த அமைப்புக்குப் போகிறது? அது பதிவு செய்த அமைப்பா? வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, தனி ஆளின் பெயரில் இருக்கிறதா? செல்போனில் பணம் அனுப்பும்போது யாருடைய பெயர் வருகிறது என்று பாருங்கள். தனி ஆள் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள்.

"இப்படியெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?" என்று கூச்சப்பட வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கோபப்பட மாட்டார்கள். கடைக்கார அண்ணாச்சிக்கு அந்த அமைப்பைத் தெரியாது. அவர் உங்களை நம்பித்தான் பணம் தருகிறார்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கணக்கு எழுதுங்கள். பெயர், தேதி, தொகை, ரசீது எண் என்று நான்கு கட்டம் போதும். பணம் வாங்கியதும் அவர் எதிரிலேயே எழுதுங்கள். அப்புறம் எழுதலாம் என்றால் மறந்துவிடும். வருமான வரி கட்டுகிறவர் நன்கொடைக்கு வரிச் சலுகை கேட்பார். எல்லா அமைப்புக்கும் கொடுத்த பணத்துக்கு அது கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. அப்படிப்பட்டவர் வங்கி வழியாக அமைப்புக்கே நேரடியாக அனுப்பட்டும். உங்களுக்கும் பெரிய தொகையைக் கையில் வைத்திருக்கும் கவலை இல்லை.

பயண நாள்

விடிவதற்கு முன்பே எழ வேண்டும். இட்லியோ, சப்பாத்தியோ, உங்களுக்குப் பழக்கமானதைக் கொஞ்சம் சாப்பிடுங்கள். அன்றைக்குப் பார்த்துப் புதிய உணவு எதுவும் வேண்டாம். சேலைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் தொங்கக் கூடாது. செயினிலும் சக்கரத்திலும் சிக்கி இழுத்துவிடும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டுங்கள். தலைக்கவசம் கண்டிப்பாக வேண்டும்.

கொடி அசைந்ததும் எல்லோரும் வேகமாகக் கிளம்புவார்கள். உங்களுக்கும் வேகம் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் பறந்தவர்கள் பலர் கடைசியில் உட்கார்ந்துவிடுவதைப் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

கூட்டத்தில் ஓட்டுவது தனியாக ஓட்டுவது போல அல்ல. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போகக் கூடாது. ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் பின்னால் வருகிறவர்கள் மேலே விழுவார்கள். நிற்க வேண்டுமானால் கையைக் காட்டிவிட்டு இடது ஓரமாக ஒதுங்குங்கள். பள்ளமோ, பாதாளச் சாக்கடை மூடியோ தெரிந்தால் "பள்ளம்!" என்று சத்தம் கொடுங்கள். தெலுங்கில் "குண்ட்டா!" என்று கத்துவார்கள். காதில் விழுந்தால் உஷாராகுங்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் தலைகுப்புறக் கவிழ்வீர்கள். இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள்.

தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு மூன்று வாய் குடியுங்கள். உப்புப் போட்ட மோர் நல்லது. உப்புச் சர்க்கரைக் கரைசல் வீட்டிலேயே செய்யலாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் கலக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எதைக் குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, கண் இருட்டினாலோ உடனே நிறுத்துங்கள். பயணத்தின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வண்டி வரும். ஓட்ட முடியாதவர்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும். அதில் ஏறுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நீங்கள் திரட்டிய பணம் திரட்டியதுதான். யாராவது அடிபட்டால் 108க்குப் போன் செய்யுங்கள். அந்த ஆம்புலன்ஸ் சேவை 2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று முதலில் தொடங்கியதே இந்த ஐதராபாத்தில்தான்.

பயணம் முடிந்த பிறகு

தொடை வலிக்கும். இரண்டு நாளில் சரியாகிவிடும். ஆனால் வேலை முடியவில்லை. கையில் உள்ள பணத்தைத் தாமதிக்காமல் அமைப்பில் கட்டுங்கள். மொத்தத் தொகைக்கு ரசீது வாங்குங்கள். நோட்டில் உள்ள தொகையும் ரசீதில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். பிறகு பணம் கொடுத்த ஒவ்வொருவரிடமும் போய் அவரவர் ரசீதைக் கொடுங்கள்.

ஒரு மாதம் கழித்து, அந்தப் பணத்தில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். நல்ல அமைப்புகள் தாமே சொல்லும். சொல்லாவிட்டால் நீங்கள் கடிதம் எழுதலாம். தமிழில் எழுதி, தெலுங்கோ ஆங்கிலமோ தெரிந்தவரிடம் சொல்லி அந்த மொழியிலும் எழுதி வாங்குங்கள். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, வணக்கம். உங்கள் சைக்கிள் பயணத்தில் நானும் கலந்துகொண்டேன். 20 பேரிடம் திரட்டிய 1,000 ரூபாயை உங்களிடம் செலுத்தினேன். ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பயணத்தில் மொத்தம் எவ்வளவு பணம் சேர்ந்தது, எத்தனை பேருக்குச் செயற்கைக் கால் கொடுத்தீர்கள் என்ற விவரம் வேண்டும். எனக்குப் பணம் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். இப்படிக்கு..."

கீழே உங்கள் பெயரை எழுதி, முகவரியையும் தேதியையும் போடுங்கள்.